செத்துப்போன நாகவள்ளி எழுதிக்கொள்வது

வேப்பங்குளம், கமுதி வழி
10.6.2007

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

நாகவள்ளி எழுதிக்கொள்வது. நான் செத்துப்போன விஷயம் போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரியவந்தது. அதைப் பற்றிக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் இங்கே பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்க்கிறேன். எங்கள் எஸ்தர் டீச்சர் ஞாயிறு மத்தியானம் தன் வீட்டில் நாலு பெண்களைக் கூட்டிவைத்து ஜெபம் பண்ணுவார், சிடி போடுவார். "அபுதாபியில குடிகாரங்கள வெச்சுத் திருத்துறாங்களாம். வந்து கேளு நாகு, மனசுக்கு ஆறுதலா இருக்கும்" என்று கூப்பிட்டார். எனக்கு எதற்கு ஆறுதல் என்று கோபம் வந்தது. என் வீட்டுக்காரர் அதே அபுதாபியில் ஃபோர்மேனாக இருக்கிறார் என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறேன். சரி, டீச்சர் வீட்டு முறுக்கு நன்றாக இருக்குமே என்று போனேன்.

முதலில் பாட்டு வந்தது. பிறகு ஒரு ஆள் பேசினார். "என் பேரு வேலுச்சாமி. ராமநாதபுரம் ஜில்லா, கமுதிப் பக்கம் வேப்பங்குளம்." மூன்று வருஷமாகக் கேட்காத குரல். உயிரோடுதான் இருக்கிறார் என்று எனக்குள் ஒரு நிம்மதி வந்ததை மறைக்கமாட்டேன். அது அடங்குவதற்குள், "எம் பொஞ்சாதி நாகவள்ளி, நான் குடிக்கிறதக் கேள்விப்பட்டு, பணம் வராத கஷ்டத்துல பூச்சிமருந்தக் குடிச்சுச் செத்துப்போனா. மொகத்தக் கடைசியாப் பாக்கக்கூட எனக்குக் குடுத்துவைக்கல" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுகிறார்.

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் கையில் பாதி முறுக்கு இருந்தது. எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் அழுகிற அழுகையைக் கேட்டு நானும் அழுதுவிட்டேன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எனக்காக அழுது நான் பார்த்ததில்லை. என் சாவுக்கு நானே உட்கார்ந்து அழுதேன் ஐயா.

சிடி உறையில் உங்கள் பெயரும் போன் நம்பரும் தபால் பெட்டி நம்பரும் இருந்தன. போனில் பேசினால் கத்துவேன், இல்லாவிட்டால் அழுவேன். அழுதால் நீங்கள் ஜெபம் பண்ண ஆரம்பித்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று இன்னொரு சிடி போடுங்கள். என் மகள் தாமரைக்கு மாப்பிள்ளை பேசி முடித்து வைத்திருக்கிறேன். பருத்தித் துணி வியாபாரக் குடும்பம், அருப்புக்கோட்டை. அவர்கள் காதுக்கு இது போவதற்குள் செய்யுங்கள்.

இப்படிக்கு,
வே. நாகவள்ளி


முசஃபா, அபுதாபி
28.6.2007

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரி நாகவள்ளி அவர்களுக்கு,

ஸ்தோத்திரம். ஆசீர் ஜெபமணி எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை கராஜில், நான் வேலை பார்க்கிற ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் நின்றபடியே வாசித்தேன். எதிரே ஒரு பாகிஸ்தான் பட்டாணியர் பிரேக் ஷூ கேட்டு நின்றுகொண்டிருந்தார். அவர் மூன்றாம் தடவை கேட்டபோதுதான் எனக்குக் காது திறந்தது.

முதலில் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் ஏதோ பெரிய ஆஸ்பத்திரி என்று நினைத்துக்கொள்வீர்கள். ஒர்க் ஷாப்புகளுக்குப் பின்னால் தொழிலாளர்கள் தங்கியிருந்த பழைய கேம்ப் ஒன்று. அதில் மாடி மட்டும் எங்களுக்கு. போர்டு கிடையாது. நாங்கள் பெதஸ்தா வீடு என்கிறோம், இருக்கிறவர்கள் வெறும் வீடு என்பார்கள். கம்பெனி மூடிப்போய், பாஸ்போர்ட் கஃபீல் என்கிற அரபி முதலாளி கையில் மாட்டிக்கொண்டு, விசா முடிந்து, டிரெய்லருக்கு அடியிலும் பார்க்கிலும் படுத்துக் கிடக்கிற நம் ஆட்கள்தான் இங்கே வருகிறார்கள். கேம்ப்களில் திருட்டுத்தனமாக விற்கிற சரக்கைக் குடிப்பார்கள். அது கிடைக்காவிட்டால் செண்டு பாட்டிலைத் தண்ணீரில் கலந்து குடிப்பார்கள். பத்துப் பேர் வந்தால் ஒருவர் இருவர் நிற்பார்கள். மற்றவர்கள் போய்விடுவார்கள், மறுபடி வருவார்கள், மறுபடி போவார்கள்.

எங்களுக்கு இரண்டு சட்டம். குடித்துவிட்டு வந்தால் கேட் திறக்கமாட்டோம். வந்த முதல் வாரத்திலேயே வீட்டுக்குப் போன் போட்டுப் பேசவேண்டும், நான் பக்கத்தில் இருப்பேன். இந்த இரண்டாவதற்குப் பயந்து ஓடினவர்கள்தான் அதிகம். போன வருஷம் ரம்ஜான் சமயத்தில் உங்கள் வீட்டுக்காரர் வந்தார். "வீட்டுல யாரு இருக்கா?" என்று கேட்டு போனை நீட்டினேன். "யாருமில்ல அண்ணாச்சி. பொஞ்சாதி மருந்தக் குடிச்சிட்டா" என்றார். நான் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

அன்றிலிருந்து எல்லாரும் அவரைத் தாங்கினார்கள். முரட்டு ஆட்கள் எல்லாம் உங்களுக்காக ஒருநாள் சாப்பிடாமல் உபவாசம் இருந்தார்கள். அவர் குடியை விட்டார். சமையலை எடுத்துக்கொண்டார். பிப்ரவரியில் ஊரிலிருந்து ஒரு பிரசங்கியார் வந்தார். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வேலுச்சாமியைச் சாட்சி சொல்லச் சொல்லி, ரெக்கார்டு பண்ணி எடுத்துப்போனார். அந்த சிடியைக் கேட்டுவிட்டு குவைத்தில் அப்பாசியா சபையார் எங்கள் வாடகையை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்.

அவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா. அந்த மனுஷர் நிற்கிறதே நீங்கள் இல்லை என்ற துக்கத்தில்தான். அதை உருவினால் என்ன ஆகும்? ஒரு மாதம் பொறுத்துக்கொள்வீர்களா?

கர்த்தர் உங்களைத் தேற்றுவாராக.
ஆசீர் ஜெபமணி


வேப்பங்குளம்
15.7.2007

ஐயா அவர்களுக்கு,

ஒரு மாதம் நான் செத்தே இருக்கவேண்டுமா? என் சாவில் உங்களுக்கு வாடகை நடக்கிறது, அவருக்குச் சாராயம் நிற்கிறது. நல்லது. உயிரோடு இருந்தபோது நான் இவ்வளவு பேருக்கு உபயோகப்பட்டதில்லை.

இங்கே நடந்ததைக் கேளுங்கள். மாப்பிள்ளையின் அம்மா நேரில் வந்துவிட்டார். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "பொண்ணோட அம்மா மருந்தக் குடிச்சுச் செத்துட்டாங்கன்னு சொல்றாங்களே, அப்ப நீங்க யாரு?" என்று கேட்கிறார். பெற்ற பிள்ளைக்கு முன்னால் உட்கார்ந்து நான் யார் என்று நான் விளக்கிக்கொண்டிருக்கிறேன். தாமரை எழுந்து உள்ளே போய்விட்டாள்.

உங்கள் லெட்டர் பேடில், சீல் வைத்து, இன்னாரின் மனைவி உயிரோடு இருக்கிறார் என்று ஒரு கடிதமாவது அனுப்புங்கள். போர்டே இல்லாதவர்களிடம் லெட்டர் பேடு கேட்கிறேன் பாருங்கள்.

அவர் பொய் சொன்னார் என்று சாடுவதற்கு எனக்கு வாய் இல்லை. நானும்தான் சொன்னேன். பணம் நின்று, போனும் நின்ற பிறகு, ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் ஃபோர்மேன் வேலை, லீவு கிடைக்கவில்லை என்று சொன்னேன். ஒரு தீபாவளிக்குப் பதவி உயர்வுகூடக் கொடுத்தேன். அவருக்கு நான் பதவி கொடுத்தேன், அவர் எனக்குப் பாடை கட்டிவிட்டார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

தூக்கம் வரவில்லை என்றால் அந்த அழுகை காதில் கேட்கிறது. டீச்சரிடம் சிடியை இன்னொரு தடவை போடச் சொல்லி, யாரும் இல்லாதபோது கேட்டேன். வெட்கமாக இருக்கிறது. அவரிடம் கேளுங்கள். இந்தக் கடிதத்தையே காட்டுங்கள். குடித்தால் குடிக்கட்டும். பொய்யில் நிற்கிறவரைவிட விழுந்து கிடக்கிறவரை எனக்குப் பழக்கம்.

நாகவள்ளி


முசஃபா
12.8.2007

அன்பான சகோதரி,

கேட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அடுப்படியில் மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தார். உங்கள் இரண்டு கடிதங்களையும் பலகையில் வைத்தேன். கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், மறுபடி கழுவினார், கடிதத்தைத் தொடவில்லை.

"இருக்காளா?" என்றார்.

"இருக்காங்க."

"கோவமா எழுதிருக்காளா?"

"ஆமா."

"அப்ப அவதான்" என்று சொல்லிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மீன் கெட்டுப்போகிற வரைக்கும் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மருந்து குடித்துச் செத்தது பாண்டித்துரையின் மனைவி. பாண்டித்துரை சிவகங்கைக்காரர், லாரி யார்டில் உங்கள் வீட்டுக்காரரோடு ஒரே அட்டையில் படுத்தவர். அவர் குடிபோதையில் இதைச் சொல்லி அழுவாராம். நான் போனை நீட்டினபோது, உங்களிடம் பேசப் பயந்து, அந்தக் கதை வாயில் வந்துவிட்டது. பிறகு கிறிஸ்துமஸ் சமயத்தில் பாண்டித்துரையையும் இவர்தான் வற்புறுத்தி வீட்டுக்குக் கூட்டிவந்தார். வந்து பார்த்தால் தன் கதையை இன்னொருவன் சொல்லிக்கொண்டிருக்கிறான். பாண்டித்துரை மூச்சுவிடவில்லை. என்னிடமும் யாருமில்லை என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வேலுச்சாமி எழுந்து நின்று, என் மனைவி உயிரோடு இருக்கிறாள், நான் பொய் சொன்னேன் என்றார். அடிவாங்கப் போகிறவர் மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். உபவாசம் இருந்தவர்களுக்குக் கோபம். ஒருவர் தட்டை வீசினார். எங்களுக்கு அரிசி அனுப்புகிற கீழக்கரைக் கடைக்காரர் கலீலுர் ரஹ்மான் பாய் அன்றைக்கு மூட்டையோடு வந்து வாசலில் நின்றிருந்தார். "என்ன அண்ணாச்சி, ஒரு மையத்து எந்திரிச்சு வந்திருக்கு, சந்தோசப்படாம சண்ட போடுறீங்களே" என்றார். அதற்குப் பிறகுதான் சிலர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் யாரோ கேட்டார்கள், அப்படியானால் இது யார் கதை என்று. வேலுச்சாமி பாண்டித்துரையைப் பார்த்துவிட்டார். எல்லாரும் பார்த்துவிட்டோம். "அப்ப நீ வந்து சொல்லு பாண்டி" என்று ஒருவர் கூப்பிட்டார், நல்ல மனதோடுதான் கூப்பிட்டார். பாண்டித்துரை எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் குடித்துவிட்டு வந்து கேட்டைத் தட்டினார். சட்டம் சட்டம்தான் என்று நான் திறக்கவில்லை. உள்ளே இருக்கிறவர்களை நினைத்துத்தான் திறக்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தபோது இல்லை. ஆகஸ்ட் வெயில் அம்மா, எங்கே போய்ப் படுப்பார்?

பிரசங்கியாருக்குப் போன் போட்டேன். "அதுனாலயும் ஆத்துமா ரட்சிக்கப்படுதே, விட்டுருங்க" என்றார். நான் விடவில்லை. அப்பாசியா சபையாருக்கும் உண்மையைச் சொல்லி, சிடியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். அந்த யோசனைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

இப்போது முக்கியமானது. இங்கே பொதுமன்னிப்பு அறிவித்திருக்கிறார்கள். விசா இல்லாதவர்கள் அபராதம் கட்டாமல் ஊருக்குப் போகலாம். இதை விட்டால் உங்கள் வீட்டுக்காரர் இந்த மண்ணைவிட்டு எப்போது போவார் என்று சொல்ல முடியாது. உங்களிடம் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. நான் கேட்கிறேன். அனுப்பினால் சேர்த்துக்கொள்வீர்களா?

ஆசீர் ஜெபமணி


வேப்பங்குளம்
27.8.2007

ஐயா,

அப்படியென்றால் அந்த அழுகை யாருக்கு?

அது ஒன்றுதான் எனக்குக் கிடைத்தது என்று நினைத்திருந்தேன். அதுவும் வேறு ஒருத்திக்கா? முகம் தெரியாத அந்தப் புண்ணியவதி மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது, செத்தவள் மேல். இந்த மாதிரி ஒரு புத்தியை இந்த மனுஷர் எனக்குக் கொடுத்துவிட்டார்.

எஸ்தர் டீச்சரைக் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்குப் போய்வந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குடித்தது, தெருவில் கிடந்தது, என்னைச் சாகடித்தது, நான் அவரை ஃபோர்மேன் ஆக்கியது, எல்லாம். அவரை மன்னித்துவிட்டார்கள். ஆம்பளை வெளிநாட்டில் கஷ்டப்பட்டால் அப்படித்தான் என்றார்கள். என்னைத்தான் மன்னிக்கவில்லை. இவ்வளவு கூசாமல் பொய் சொல்கிற வீட்டில் பெண் எடுக்க யோசனையாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போது டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் உருவிக்கொண்டேன். தாமரை என்னோடு பேசுவதில்லை. அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது.

அதனால் அனுப்பாதீர்கள். இப்போது முடியாது. காலையில் எழுந்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உலை வைத்துவிட்டு வந்தால் என் வீட்டில் ஒரு ஆளுக்கு உலை வைக்கத் தெம்பு இல்லை. அவர் வந்தால் நான் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர் இல்லாத வருஷங்களில் என்னை யார் பார்த்துக்கொண்டார்கள்? இதை அவரிடம் சொல்லுங்கள். வேண்டாம், சொல்லாதீர்கள்.

பாண்டித்துரை வந்துவிட்டாரா? எழுதுங்கள்.

நாகவள்ளி

சிடியில் அவர் பேசும்போது ஸ, ச வருகிற இடத்தில் காற்று போகிறது. முன்பல் விழுந்துவிட்டதா?


முசஃபா
18.10.2007

அன்பான சகோதரி,

முன்பல் இரண்டு இல்லை. பார்க்கில் தூங்கும்போது யாரோ அடித்தார்களாம், இல்லை விழுந்தாராம், அவருக்கே தெரியவில்லை.

அந்த அழுகை யாருக்கு என்ற உங்கள் கேள்வியைக் கேட்டேன். "கதைதான் அவனுது அண்ணாச்சி. வாயத் திறந்தா அவ மொகம்தான் வந்துச்சு. பாதிக்கு மேல கதையே மறந்துபோச்சு" என்றார். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நானும் அவரை எந்த அளவுக்கு நம்புவது என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

பாண்டித்துரை வரவில்லை. லாரி யார்டு, லேபர் கேம்ப், ஆஸ்பத்திரி எல்லாம் தேடிவிட்டேன். போலீஸ் பிடித்தவர்களிலும் பெயர் இல்லை. ஓமான் பக்கம் சோஹாருக்கு மீன் லாரியில் ஏறிப் போய்விட்டார் என்று ஒருவர் சொல்கிறார். பார்டரில் காகிதம் இல்லாத ஆளை யார் விடுவார்கள்? உங்கள் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை தோறும் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக்கொண்டு யார்டுக்குப் போய்விட்டு, அப்படியே திருப்பிக் கொண்டுவருகிறார்.

பொதுமன்னிப்பை நவம்பர் ஆரம்பம் வரைக்கும் நீட்டியிருக்கிறார்கள். உங்கள் பேச்சை நான் மீறப்போகிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக அவுட் பாஸ் வாங்கிவிட்டேன். டிக்கெட்டை கலீல் பாய் போட்டிருக்கிறார். இந்த மாதக் கடைசியில் திருச்சிக்கு விமானம். உங்கள் வீட்டுக்கு வரமாட்டார். நீங்கள் அனுப்பாதே என்று எழுதினதை அவரிடம் சொல்லிவிட்டேன். "கமுதி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போறேன், அதுக்கு அவ உத்தரவு வேண்டாமே" என்றார். இங்கே அந்நிய நாட்டின் தெருவில் கிடப்பதற்கு அங்கே சொந்த ஊர்த் தெருவில் கிடக்கட்டும் என்று எனக்கும் தோன்றியது. இது ஒரு ஊழியக்காரன் எழுதுகிற எழுத்தா என்று கேட்பீர்கள். களைத்துப்போய்விட்டேன் அம்மா.

ஒருவேளை சேர்த்துக்கொண்டால், தெரிந்ததைச் சொல்கிறேன். பொழுது சாயும்போதுதான் அவருக்குக் கஷ்டம். கை நடுங்கும். அப்போது புத்தி சொல்லவேண்டாம், பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது வேலை கொடுங்கள், புளியில் கொட்டை எடுக்கச் சொல்லுங்கள், பூண்டு உரிக்கச் சொல்லுங்கள். குடித்துவிட்டு வந்தால் மட்டும் கதவைத் திறக்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் அவ்வளவுதான். இதில் இரக்கம் பார்த்து நான் பல பேரைக் கெடுத்திருக்கிறேன்.

அப்பாசியா உதவி நின்றுவிட்டது. ஜனவரியோடு மாடியைக் காலி செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். என் மனைவி சாயர்புரத்திலிருந்து போனில் கேட்கிறாள், ஊரார் புருஷன்களைத் திருத்தி அனுப்பினது போதும், எனக்கு என் புருஷன் எப்போது வருவார் என்று. அவளுக்கும் பதில் சொல்லவேண்டுமே.

ஆசீர் ஜெபமணி


வேப்பங்குளம்
24.1.2008

அன்புள்ள அண்ணனுக்கு,

நாகவள்ளி எழுதிக்கொள்வது. பதில் எழுதவில்லை என்று வருத்தப்பட்டிருப்பீர்கள். எழுத வந்தால் ஒவ்வொரு வாரமும் எழுதவேண்டியது மாறிப்போய்க்கொண்டிருந்தது.

சொன்ன மாதிரியே பஸ் ஸ்டாண்டோடு நின்றுவிட்டார். எங்கள் ஊர் பஸ் கண்டக்டர்தான் பார்த்துவிட்டு வந்து சொன்னார். போகக்கூடாது என்று ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு போட்டு முடித்ததும் முந்தானையில் கை துடைத்தபடியே பஸ் ஏறிவிட்டேன். சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடி பாதி இல்லை. எதிரே போய் நின்று, "செத்தவ வந்திருக்கேன், பாக்குறீங்களா?" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார். "தாமரை அம்மா" என்றார். பையை நான் வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் அவர் ஆண்கள் பக்கம், நான் பெண்கள் பக்கம்.

நீங்கள் சொன்னபடி சாயங்காலம் பூண்டு கொடுத்தேன். இந்த வீட்டில் இருக்கிற பூண்டைப் பார்த்தால் கல்யாண வீடு என்று நினைப்பீர்கள். கொத்து வேலைக்குப் போனார். தாமரையோடு பேசினார், அவள் அவரோடு பேசினாள், இரண்டு பேரும் என்னோடு பேசவில்லை. சிடியில் அப்படி அழுத மனுஷருக்கு உயிரோடு எதிரே இருக்கிறவளிடம் சொல்ல ஒரு வார்த்தை இல்லை. அதற்காக நான் எத்தனை நாள் பாத்திரத்தை உருட்டினேன் என்று அடுப்படிக்குத்தான் தெரியும்.

பொங்கலுக்கு முன்னால் கூலி வாங்கின அன்றைக்குக் குடித்துவிட்டு வந்தார். வாசலுக்கு வருவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. உங்கள் கடிதம் ஞாபகத்துக்கு வந்தது. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அவர் தட்டவே இல்லை அண்ணே. தட்டியிருந்தால் திட்டியிருப்பேன். சாத்தின கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிப் போகிற செருப்புச் சத்தம்தான் கேட்டது. தாமரை சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பொங்கல் அன்றைக்கும் வரவில்லை. மறுநாள் தேடிப் போனேன். கமுதித் தாலுகா ஆபீஸ் சுவரோரம் படுத்திருந்தார், சட்டையெல்லாம் மண். எழுப்பினேன். வாடை அப்போதும் இருந்தது. அப்படியேதான் கூட்டிக்கொண்டு வந்தேன், ஊர் முழுக்கப் பார்க்க. ஃபோர்மேன் வருகிறார் என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. குளிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அன்றைக்குச் சாயங்காலம் பூண்டு உரிக்கும்போதுதான் வாயைத் திறந்தார். பாண்டித்துரையைப் பற்றிப் பேசினார். உங்கள் கேட்டை அவர் தட்டினபோது இவர் உள்ளே படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தாராம், எழுந்து வந்து திறக்கவில்லையாம். அதைச் சொல்லி அழுதார். இந்தத் தடவை யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு இன்றுவரை குடிக்கவில்லை. நாளைக்கு எனக்குத் தெரியாது. குடித்தால் கத்துவேன். கதவை மட்டும் சாத்தமாட்டேன். நீங்கள் சாத்தினால் உள்ளே இருக்கிற மற்ற ஆட்களைக் காப்பாற்றச் சாத்துகிறீர்கள். நான் சாத்தினபோது உள்ளே இருந்தது நானும் தாமரையும், நாங்கள் இரண்டு பேரும் அவர் வருகிறாரா என்றுதான் காத்துக்கொண்டிருந்தோம். உங்கள் சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு என்ன தெரியும்? முப்பது குடிகாரர்களை வைத்துப் பார்த்தவர் நீங்கள். எனக்கு இந்த ஒருவரைத்தான் தெரியும்.

ஆனால் மாடியைக் காலி செய்யப்போவதாக எழுதியிருந்தீர்களே, அது எனக்கு மூன்று மாதமாக உறுத்துகிறது. உங்கள் வீட்டு அண்ணியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாண்டித்துரைக்கு ஊரில் யாரும் இல்லை, தெரிந்த கதவு அது ஒன்றுதான். இத்தனை மாதம் எங்கே கிடந்தாலும் ஒருநாள் அங்கேதான் வருவார்.

குடித்துவிட்டுத்தான் வருவார். திறந்துவிடுங்கள்.

உங்கள் தங்கை,
நாகவள்ளி